குண்டு விழுந்த தூரம்

மஞ்சக்குப்பத்துக்கு ஆட்டோவில் வந்தன மூன்று பெட்டிகள்.
கருவூலத்துக்கு ஒன்று, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்று,
துறைமுக அலுவலகத்துக்கு ஒன்று.
போன வருஷம் மாட்டிய ரௌட்டரைக் கழற்றச் சொல்லிச் சுற்றறிக்கை.
அந்த நாட்டுச் சரக்கை நம்பக் கூடாதாம்.
இது நம்பலாம் என்ற நாட்டுச் சரக்கு.
நான் கழற்றுகிறவன், மாட்டுகிறவன்.
நம்புவது என் ஒப்பந்தத்தில் இல்லை.

மூன்றாவது பெட்டியின் ஒட்டுத்தாளுக்கு அடியில்
இன்னொரு ஒட்டுத்தாளின் பசை.
நகத்தால் சுரண்டினேன்.
யாருக்கோ வந்த கடிதத்தை
இட்லி ஆவியில் காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டினால்
ஓரம் இப்படித்தான் லேசாக நெளியும்.
எந்தக் கிடங்கில், யார் மேஜைமேல்,
எவ்வளவு நேரம் திறந்து கிடந்தாய்?
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மாட்டிய மூன்றாம் ராத்திரி
துறைமுகத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.
இரண்டு நாற்பது.
ஒரு ஃபைலும் நகராத நேரம்.
பச்சை விளக்கு ஒரு தடவை இமைத்தது.
வெங்காயத்தோல் கனத்தில்
ஒரு பொட்டலம் வெளியே போனது.
முகவரியைத் தேடினால்
நான் பேர்கூடக் கேட்டிராத ஊர்.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே என்பார்கள்.
இது இரவில்தான் பேசுகிறது.

எத்தனை படகு, எவ்வளவு மானிய டீசல்,
எது இன்னும் கரை திரும்பவில்லை
என்று தெரிந்து அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?
தெரியவில்லை.
தெரியாததால்தான் தூக்கம் வரவில்லை.

லாஸ்பேட்டை ஏஜென்சிக்குப் போன் போட்டேன்.
"பழைய பெட்டியும் பேசுச்சு தம்பி," என்றார் ஜெரோம்.
"நீங்க ராத்திரி உட்கார்ந்து பார்க்கல, அவ்வளவுதான்."

வீட்டுக்குத் தேவனாம்பட்டினம் வழி.
கோட்டை இருந்த இடத்தில் வண்டி தானாக மெதுவாகும்.
முன்னூறு சொச்சம் வருஷத்துக்கு முன்னால்
இந்தக் கோட்டையை விற்றவர்கள்
பீரங்கிக் குண்டு எதுவரை போகுமோ
அதுவரை உள்ள ஊரும் சேர்த்து என்று எழுதிக்கொடுத்தார்கள்.
வாங்கியவர்கள் நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்தார்கள்.
குண்டு கிராமம் என்று அப்போது பேர் வந்தது.
அந்த ஊர்க்காரர்களுக்குச்
சத்தமாவது கேட்டிருக்கும்.

கனகசபாபதி சார் என் அறிக்கையை நின்றபடியே படித்தார்.
"நட்பு நாடுன்னு சுற்றறிக்கையில இருக்கே?"
"இருக்கு சார்."
"அப்ப ஒட்டுக்கேக்கறதும் நட்பாத்தான் இருக்கும்."
சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
"நாம ஒரு நாள் பெட்டி செஞ்சு வெளிநாட்டுக்கு வித்தா
உள்ள எதுவும் வைக்காம விடுவோமா?"
எனக்குப் பதில் இருந்தது.
அது பிடிக்காததால் சொல்லவில்லை.
தாளை நாலாக மடித்து
எழுத்தில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் சங்கரா வாங்கப் போனேன்.
கேட்காமலே தராசுத் தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள் அஞ்சலாட்சி:
"பாத்துக்க, புளி கிளி ஒட்டல."
எல்லாருக்கும் காட்டுகிறாள்.
நாற்பது ரூபாய் மீனுக்கும்.
என் பெட்டியை எந்தப் பக்கம் கவிழ்ப்பது?
பிரித்தால் வாரண்டி போய்விடும் என்று
ஏழு மொழியில் அச்சடித்திருக்கிறார்கள்.

வாட்ச்மேன் லாசரிடம் மட்டும் சொன்னேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
பத்து மணிக்கு ஒயரைப் பிடுங்கினார்,
காலை ஆறுக்குச் சொருகினார்,
பதிவேட்டில் "மின்தடை" என்று எழுதினார்.
பதினொரு நாள்.
அத்தனை நாளும் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நேற்று பார்க்கிறேன்,
பகல் பதினொன்றரைக்குப் பேசுகிறது.
டோக்கன் வாங்க ஆட்கள் நெருக்கியடிக்கும் நேரம்,
எல்லாப் பொட்டலங்களோடும் ஒரு பொட்டலமாக.

லாசர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு
இப்ப என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தார்.
வரிசையில் முதலில் நின்றவர்
டீசல் அட்டையை ஜன்னலுக்குள் நீட்டினார்.
"சீக்கிரம் சார், படகு நிக்குது."